வளவிலிருந்து பின்கட்டு வரை

மிளகாய் வறுக்கிற நாள் என்றாலே எனக்கு முந்தின இரவு தூக்கம் வராது. காரைக்குடியில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுப் பலகாரம் செய்து விற்கிறேன், 16 வருஷமாக. தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, கை முறுக்கு, அதிரசம், கூடவே மசாலாப் பொடிகள். பொடிக்கு ஆர்டர் வந்தால் மிளகாயை வறுத்தாக வேண்டும். நெடி மூக்கில் ஏறும், கொட்டகையில் இருக்கிற அஞ்சு பேரும் சேர்ந்து இருமுவோம், மற்ற நாலு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்கள், நான் மட்டும் தொடையை இறுக்கிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நிற்பேன். ஏனென்றால் ஒவ்வொரு இருமலுக்கும் எனக்குக் கீழே சிறுநீர் கசியும். ஒரு சொட்டு இரண்டு சொட்டு இல்லை, பாவாடை நனைகிற அளவுக்கு.

இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு தொடங்கியது. அப்போது தும்மினால் மட்டும் கொஞ்சம் வரும். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 38 வயதில் அதிகமானது, 47 வயது வரை யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பது வருஷம். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, ஒரு கல்யாண வீட்டில் நெருங்கிய சொந்தக்கார ஆச்சி ஒருவரிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "ரெண்டு பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும், இதைப் போயி வெளிய சொல்லிக்கிட்டு" என்று முடித்துவிட்டார்கள். எல்லாருக்கும் இருப்பது என்றால் ஏன் யாரும் பேசுவதில்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

மூடிக்கொண்டபின் வாழ்க்கை எப்படிச் சுருங்குகிறது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஒரே நாளில் நடப்பதில்லை, அதனால் நமக்கே தெரிவதில்லை. முதலில் வெளிர் நிறச் சேலை போனது. அப்புறம் பஸ். அப்புறம் வெளியே கிளம்புகிற நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது பழக்கமானது. வருஷா வருஷம் குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டிக்கு நடப்போம், எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர், விடியற்காலையில் கிளம்பி. அதை நிறுத்தினேன், முழங்கால் வலி என்று சொல்லி. கோயிலுக்குள் போவதும் குறைந்தது. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. நனைந்த துணியோடு சன்னிதியில் நிற்கிறோமே என்று ஒவ்வொரு தடவையும் உள்ளே குறுகிப்போவேன். கொப்புடையம்மன் கோயில் வாசல் வரை போய், செருப்பைக் கழற்றிவிட்டு, அப்படியே திரும்ப மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மாதவிலக்குக்கு வாங்கும் நாப்கினைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். அது இதற்கானது இல்லை. சிறுநீர் சட்டென்று மொத்தமாக வரும், அந்த வேகத்துக்கு அது உறிஞ்சாது, ஈரம் தோலிலேயே நிற்கும். தொடை இடுக்கு முழுக்கப் புண்ணாகி, அந்தப் புண்ணைக் காட்டத்தான் கடைசியில் டாக்டரிடம் போனேன். முதலில் பார்த்த இடத்தில் களிம்பு எழுதிக் கொடுத்து, "வயசாகுதுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவதாகப் பார்த்த பெண் டாக்டர்தான் உட்காரவைத்துக் கேட்டார். எப்போது வருகிறது, இருமும்போதா, அவசரம் தாங்காமலா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், மலச்சிக்கல் உண்டா. சிறுநீர்ப் பரிசோதனை, சர்க்கரைப் பரிசோதனை, சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஒரு ஸ்கேன். தொற்று இல்லை, சர்க்கரை இல்லை, மிச்சமும் நிற்கவில்லை. "ஆபரேஷன், மாத்திரை எல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதல்ல மூணு மாசம் பிசியோதெரபி" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிசியோதெரபி என்றால் மூட்டுவலிக்கு, பக்கவாதம் வந்தவர்களுக்கு. சிறுநீர் கசிவதற்கு என்ன பிசியோ?

இதற்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் மதுரையில் இருந்தார். சின்னப் பெண், என் மகளைவிட ஆறேழு வயது கூட இருக்கும். மேசைமேல் இடுப்பெலும்பு மாதிரி ஒன்று வைத்திருந்தார், ஆனால் அதைத் தொடவில்லை. என் துப்பட்டாவைக் கேட்டு வாங்கினார் (மதுரைக்கு சுடிதாரில்தான் போயிருந்தேன், சேலை நனைந்தால் மறைக்க முடியாது என்று). அதன் இரண்டு முனையையும் என் கையில் கொடுத்து, தூளி மாதிரிப் பிடிக்கச் சொன்னார். "இந்த முனை உங்க அடிவயித்துக்குக் கீழ முன்னாடி இருக்கிற எலும்பு. அந்த முனை பின்னாடி வால் எலும்பு. நடுவுல தொங்குறதுதான் தசை. மூத்திரப்பை, கர்ப்பப்பை, குடல் எல்லாத்தையும் இந்தத் தூளிதான் தாங்குது." அப்புறம் மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலை அதில் போட்டார். என் கை தாழ்ந்தது, துணி தொய்ந்தது. "இருமும்போது வயித்துக்குள்ள அழுத்தம் இப்படித்தான் இறங்கும். தூளி இழுத்துக் கட்டியிருந்தா தாங்கும். தொய்ஞ்சிருந்தா வழி திறந்துரும். அவ்வளவுதான்க்கா. வேற ஒண்ணும் இல்ல."

இரண்டு பிள்ளைகளைத் தூளியில் போட்டு ஆட்டியவள் நான். துணி தொய்ந்தால் அவிழ்த்து இழுத்துக் கட்டுவோம் இல்லையா. என் உடம்புக்குள்ளேயே ஒரு தூளி இருக்கிறது, அதையும் இழுத்துக் கட்டலாம் என்று யாராவது முப்பது வயதில் சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை வந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

அதற்குப் பிறகு பரிசோதனை. இதைச் சொல்லாமல் விட்டால் போகிறவர்கள் அங்கே திடுக்கிடுவார்கள், அதனால் சொல்கிறேன். என் சம்மதம் கேட்டு, கையுறை போட்டு, ஒரு விரலை உள்ளே வைத்து, "இப்போ இறுக்குங்க" என்றார். நானும் உயிரைக் கொடுத்து இறுக்கினேன். மூச்சைப் பிடித்து, வயிற்றை உள்ளே இழுத்து, புட்டத்தை இறுக்கி. "அக்கா, நீங்க இறுக்கல, கீழ தள்ளுறீங்க" என்றார். நிறையப் பெண்கள் இப்படித்தான் செய்வார்களாம், காதால் மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டில் போய்ச் செய்தால். இந்தப் பயிற்சியை 1948இல் ஆர்னால்டு கீகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் எழுதிப் பரப்பினார், அதனால்தான் கீகல் பயிற்சி என்ற பெயர். அவரே அந்தக் காலத்தில் தசையின் அழுத்தத்தை அளந்து பார்க்க ஒரு கருவி செய்து வைத்திருந்தார், சரியான தசைதான் வேலை செய்கிறதா என்று பெண்ணுக்கே தெரிய வேண்டும் என்பதற்காக. பெயர் மட்டும் உலகம் பூராவும் பரவி, சரிபார்க்கிற பாதி எங்கோ விட்டுப்போயிற்று. யூடியூபில் பார்த்து இரண்டு வருஷம் செய்தேன், ஒன்றும் பலிக்கவில்லை என்று சொல்கிற பெண்களிடம் நான் இப்போது இதைத்தான் கேட்கிறேன்: சரியாகத்தான் செய்கிறீர்களா என்று யாராவது தொட்டுப் பார்த்தார்களா?

சரியானது எப்படி இருக்கும் என்றால், சபையில் உட்கார்ந்திருக்கும்போது காற்றுப் பிரியாமல் அடக்குவோமே, அந்த இறுக்கம் பின்பக்கமிருந்து தொடங்கி முன்பக்கம் வரை வந்து, அப்படியே உள்ளே மேலே ஏறுகிற மாதிரி. வயிறு மெத்தென்று இருக்க வேண்டும். புட்டம் அசையக் கூடாது. மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், பேச முடிய வேண்டும். இறுக்குவது போலவே முழுசாகத் தளர்த்துவதும் முக்கியம். எனக்கு முதல் நாள் மூன்று வினாடிக்கு மேல் பிடிக்க முடியவில்லை. அஞ்சுக்கு இரண்டு மார்க் போட்டார். வேளைக்கு 8 தடவை, நாளைக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம் என்று எழுதிக் கொடுத்தார். பிரிட்டனின் நைஸ் அமைப்பின் மருத்துவ வழிகாட்டுதலிலும் இதே கணக்குதான், அதுவும் தெரிந்த ஒருவர் மேற்பார்வையில் என்று சேர்த்தே சொல்லியிருக்கிறது. மூன்று வினாடியை மெதுவாகப் பத்து வினாடிக்குக் கொண்டுபோக வேண்டும், கூடவே சட்டுச் சட்டென்று இறுக்கி விடுகிற வேகப் பயிற்சியும். சிறுநீர் போய்க்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதைப் பலர் பயிற்சி என்று நினைக்கிறார்கள். அதைச் செய்யக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார், பை முழுசாகக் காலியாகிற பழக்கமே கெட்டுவிடும்.

அன்றைக்கே இன்னொன்றும் கற்றுக்கொடுத்தார். இருமல் வரப்போகிறது, தும்மல் வரப்போகிறது என்று ஒரு நொடிக்கு முன்னால் நமக்குத் தெரியும் இல்லையா, அந்த நொடியில் தூளியை இறுக்கிக்கொண்டு, அப்புறம் இருமுவது. இவ்வளவுதான். ஆனால் கைவருவதற்கு எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

அடுத்த தடவை போனபோது என்ன வேலை செய்கிறீர்கள், செய்து காட்டுங்கள் என்றார். தேன்குழல் அச்சை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார், பித்தளை அச்சு, இரண்டு கையாலும் மேலிருந்து அமுக்குவது. மாவு கெட்டியாக இருந்தால் தோளில் இருந்து மொத்த உடம்பையும் கொடுத்து அமுக்க வேண்டும். நான் நின்று அமுக்கிக் காட்டினேன். பக்கவாட்டில் நின்று பார்த்தவர் என் வயிற்றில் கையை வைத்து, "இங்க பாருங்க, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வயித்தைத் தள்ளித்தான் அமுக்குறீங்க. ஒரு நாளைக்கு எத்தனை அச்சு பிழிவீங்க?" என்றார். சீசன் நேரம் என்றால் முந்நூறு இருக்கும். "அப்போ நாளைக்கு 24 தடவை மேல தூக்கிப் பழகுறீங்க, முந்நூறு தடவை கீழ தள்ளுறீங்க. எது ஜெயிக்கும்?"

16 வருஷம் செய்த தொழிலை அந்தக் கண்ணோடு நான் பார்த்ததே இல்லை. மாற்றியது இதெல்லாம்: அமுக்கும்போது மூச்சை வாய்வழியாக ஊதி விட்டுக்கொண்டே அமுக்குவது. அடுப்புத் திட்டுக்கு முன்னால் ஒரு பலகை போட்டு, அதன்மேல் ஏறி நின்று பிழிவது, அப்போது கையின் பலம் மட்டும் போதாமல் வயிற்றைத் தள்ள வேண்டியிருக்காது. மாவைக் கொஞ்சம் இளக்கமாகப் பிசைவது. 25 கிலோ அரிசி மூட்டையை நானே இழுத்துப் போடுவதை நிறுத்தி, கடையிலேயே அஞ்சு கிலோ பைகளாகக் கட்டித் தரச் சொல்வது. தூக்கும்போதும் அதே முறை, முதலில் தூளி, அப்புறம் மூச்சை விட்டுக்கொண்டே தூக்குவது. என்னோடு வேலை செய்கிற நாலு பேருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுக்கும்போதுதான் தெரிந்தது, அதில் இரண்டு பேருக்கு என்னைப் போலவே இருக்கிறது. ஒரே கொட்டகையில், ஒரே மிளகாய் நெடியில், மூன்று பேர் தனித்தனியாகத் தொடையை இறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறோம்.

மூன்று நாளைக்கு ஒரு நோட்டில் எழுதிவரவும் சொன்னார். என்ன குடித்தேன், எவ்வளவு, எத்தனை மணிக்குக் கழித்தேன், எவ்வளவு, கசிந்ததா. மசாலா அளக்கிற பிளாஸ்டிக் கப் மாதிரி ஒன்றைத் தனியாக வாங்கி அளந்தேன். எழுதிப் பார்த்தால் எனக்கே அதிர்ச்சி. ஒரு நாளைக்கு 14 தடவை போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் 80 மில்லி, 100 மில்லி. தண்ணீர் குடித்தது முக்கால் லிட்டர்கூட இல்லை, காப்பி மட்டும் அஞ்சு டம்ளர். பெரியவர்களின் சிறுநீர்ப்பை 300, 400 மில்லி தாராளமாகத் தாங்கும், பகலில் ஏழெட்டுத் தடவை வரை போவது வழக்கம். எதற்கும் இருக்கட்டும் என்று ஓடி ஓடிப் போய், கால்வாசி நிறைந்ததுமே கத்துவதற்கு என் பையை நானே பழக்கியிருக்கிறேன். தண்ணீரைக் குறைத்ததும் தப்பு. குறைத்தால் சிறுநீர் கெட்டியாகி மஞ்சளாகி, பையை இன்னும் உறுத்தும், மலச்சிக்கலும் வரும், முக்கி முக்கித் தூளி இன்னும் தொய்யும். நான் பாதுகாப்பு என்று செய்துவந்த ஒவ்வொன்றும் நோயை வளர்த்திருக்கிறது.

ஆக எனக்கு இருந்தது இரண்டு வகையும் கலந்தது. இருமினால் வருவது ஒன்று, அவசரம் தாங்காமல் வருவது இன்னொன்று. இந்த இரண்டாவது எனக்கு வீட்டு வாசலில்தான் வரும். தெருமுனை வரை ஒன்றும் இருக்காது, பூட்டில் சாவியைப் போட்டதும் தாங்க முடியாது. அதற்குச் சொல்லித்தந்தது ஓடுவதற்கு நேர்மாறானது: நின்ற இடத்தில் நில், அல்லது உட்கார். அஞ்சாறு தடவை சட்டுச் சட்டென்று தூளியை இறுக்கு. மனதை வேறு எதிலாவது போடு. நான் அன்றைய ஆர்டர் கணக்கைச் சொல்லிக்கொள்வேன், தேன்குழல் நாலு கிலோ, மனகோலம் ரெண்டு கிலோ, சீடை ஒன்றரை. அலை மாதிரி ஏறி, உச்சிக்குப் போய், இறங்கும். இறங்கியபின் நிதானமாக நடந்து போ. முதலில் ஒரு மணி நேர இடைவெளி, அப்புறம் ஒன்றேகால், ஒன்றரை என்று கூட்டிக்கொண்டே போனோம். இதற்கு ஆறு வாரமாவது கொடுக்க வேண்டும்.

அஞ்சு வாரம் வரை ஒரு மாற்றமும் தெரியவில்லை என்பதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். தசை வளர நாளாகும், தோட்டத்தில் விதை போட்டுவிட்டுத் தினமும் தோண்டிப் பார்க்கிறோமா என்று அந்தப் பெண் கேட்டார். ஏழாவது வாரமோ எட்டாவது வாரமோ, மிளகாய் வறுத்தோம். இருமினேன். சுவரைப் பிடிக்கவில்லை என்பது இருமி முடித்தபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போது அப்பத்தாவிடம் வருகிறேன்.

எங்கள் பெரிய வீடு பள்ளத்தூரில் இருக்கிறது. அப்பத்தாவுக்கு 86 வயது. துணைக்கு ஒரு பெண் உண்டு, பங்காளிகள் எல்லாரும் வெளியூர். நான் வாரத்துக்கு ஒருமுறை போய்வருவேன். வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, ஒட்டிய அறையில் படுத்திருப்பார்கள். அந்த அறையில் கொஞ்ச நாளாகவே வாடை இருந்தது, கேட்டால் "சொம்புத் தண்ணி கொட்டிருச்சாத்தா" என்பார்கள். நாலு மணிக்கு மேல் ஒரு வாய் காப்பி தொடமாட்டார்கள். விசேஷ வீடுகளுக்கு வருவதில்லை. சொந்தத்தில் எல்லாரும் "அப்பத்தாவுக்குப் புத்தி தடுமாறுது" என்று பேச ஆரம்பித்திருந்தார்கள், டயபர் வாங்கிப் போட்டுவிடலாம் என்றும். எனக்கு என் சிகிச்சை தொடங்கிய பிறகு ஒரு நாள் அந்த அறைக்குள் நுழைந்தபோது, கட்டிலுக்கு அடியில் மடித்துச் செருகியிருந்த ஈரத் துணியைப் பார்த்தேன். நானும் அப்படித்தான் மடிப்பேன், ஈரம் உள்ளே போகிற மாதிரி, நாலாக. புத்தி தடுமாறுகிறவர்கள் அப்படி மடிக்கமாட்டார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பத்தா, எனக்கும் இருக்கு" என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "உனக்குமா? சின்னப் பிள்ளை நீ" என்று என் தலையைத் தடவினார்கள்.

என் பிசியோதெரபிஸ்ட் சொல்லி ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் வீட்டுக்கே வந்து பார்த்தார். பெயரைக் கேட்டால் ஏதோ உத்தியோகம் சம்பந்தப்பட்டது போலத் தோன்றும். அது இல்லை. எழுந்திருப்பது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, இப்படி ஒருவர் தினமும் செய்கிற காரியங்களை அவரால் செய்ய முடிகிற மாதிரி இடத்தையும் முறையையும் மாற்றித் தருகிற சிகிச்சை. அவர் அப்பத்தாவைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டைப் பார்த்தார். எங்கள் பக்கத்து வீடுகளைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு அடுப்படி, அதையும் தாண்டிக் கிணற்றடி, அதன் ஓரத்தில் கழிப்பறை. வீட்டுக்குள் அது இருக்கக் கூடாது என்று கட்டிய காலத்து வீடு. அப்போது எல்லாருக்கும் நல்ல கால் இருந்தது.

அவர் அப்பத்தாவைப் படுக்கச் சொல்லி, போன் கடிகாரத்தை ஓடவிட்டு, "இப்போ அவசரமா வருதுன்னு வச்சுக்கங்க, போங்க" என்றார். தாழ்வான கயிற்றுக் கட்டில். இரண்டு கையையும் ஊன்றி மூன்று தடவை முயன்றுதான் எழுந்தார்கள். நிலைப்படி நாலு, ஒவ்வொன்றிலும் நின்று, நிலையைப் பிடித்து, வலது காலை முதலில் தூக்கி வைத்து. ஆத்தங்குடிக் கல் பதித்த பத்தி (நடைத் தாழ்வாரம்), கண்ணாடி மாதிரி வழவழப்பு, அதில் கால் வழுக்குமோ என்று அடி அடியாக. நான் எண்ணினேன், 94 அடி. போய், சேலையைத் தூக்கி உட்காரும்போது மணி இரண்டு நிமிஷம் 50 வினாடி. அவசரம் வந்தபிறகு அப்பத்தாவால் தாங்க முடிகிறது ஒரு நிமிஷம்.

"பாட்டிக்குப் பையில கோளாறு கொஞ்சம்தான். தூரத்துலதான் கோளாறு" என்றார். எனக்கு அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

கமோடு நாற்காலி ஒன்றை ராத்திரியில் அறைக்குள் வைக்கலாம் என்றதும் அப்பத்தா கொதித்துவிட்டார்கள். "சாமி வீட்டுக்குப் பக்கத்துலயா? அதுக்கு நான் போயே சேந்துருவேன்." சாதாரணமாக இந்த இடத்தில் பெரியவர்களைப் பிடிவாதம் என்று சொல்லி மேலே மேலே வற்புறுத்துவார்கள். அவர் வற்புறுத்தவில்லை. எங்கே வைத்தால் உங்களுக்குச் சம்மதம் என்று கேட்டார். அப்பத்தா எழுந்து நடந்து காட்டினார்கள்: இரண்டாங்கட்டுப் பத்தியின் கடைசி, முன்பு விறகு அடுக்குகிற மூலை. அங்கேயே தடுப்பு வைத்து, நாற்காலி போட்டு, தண்ணீர்க் குழாய் இழுத்தோம். 94 அடி 31 அடியானது. அந்த 31 அடியையும் சீராக்கினோம். மிதியடி, பாய் எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. இரண்டு நிலைப்படிக்கும் ஆசாரியை வைத்து மரத்தில் சரிவுப் பலகை. சுவரில் பிடிகம்பி. ஆள் நடந்தால் தானாக எரிகிற சின்ன விளக்குகள் மூன்று. கட்டில் கால்களுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து உயர்த்தியதில், ஒரே மூச்சில் எழுந்துவிடுகிறார்கள். நைட்டிக்கு ஒப்புக்கொள்ளவில்லை, ராத்திரி மட்டும் நூல் சேலையைக் கொசுவம் குறைத்து, எலாஸ்டிக் பாவாடைமேல் தளர்வாகச் சுற்றிக்கொள்கிறார்கள். முடிச்சை அவிழ்க்கிற 20 வினாடியும் மிச்சம்.

துணைக்கு இருக்கும் பெண் இரண்டரை மணிக்கு ஒருதரம், அவசரம் வருவதற்கு முன்னாலேயே, "வாங்க ஆச்சி, ஒரு நடை போயிட்டு வருவோம்" என்று கூப்பிடுவாள். இரத்த அழுத்தத்துக்கு அப்பத்தா சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்று நீர் பிரிகிற மாத்திரை, அதைச் சாயங்காலம் ஆறு மணிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரைக் கேட்டோம், காலைக்கு மாற்றிக்கொடுத்தார். (கேட்காமல் நாமாக மாற்றக் கூடாது.) கால் வீக்கம் உண்டு என்பதால் மதியம் சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் காலை உயர்த்திப் படுக்கச் சொன்னார்கள். பகலில் காலில் சேருகிற நீர்தான் ராத்திரி படுத்தபிறகு ஏறிச் சிறுநீராகிறதாம். ராத்திரி நாலு தடவை எழுந்தது ஒன்று, இரண்டு தடவையாகக் குறைந்தது. தூளிப் பயிற்சியும் செய்கிறார்கள், சாய்ந்து உட்கார்ந்தபடி, காலையில் சஷ்டி கவசம் முடிந்ததும். 86 வயதில் தசை வளருமா என்று நான் கேட்டேன். வளரும் என்றார் என் பிசியோதெரபிஸ்ட், மெதுவாக.

ஆண்களுக்கும் இது உண்டு. என் சித்தப்பாவுக்கு பிராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு இதே கசிவு, இதே தசைக்குத்தான் பயிற்சி. ஆனால் எல்லாக் கசிவும் தூளிச் சமாச்சாரம் இல்லை. சிறுநீரில் ரத்தம், எரிச்சல், காய்ச்சல், முழுசாகப் போகாமல் சொட்டிக்கொண்டே இருப்பது, திடீரென்று இடுப்புக்குக் கீழே அல்லது கால் மரத்துப்போய்க் கட்டுப்பாடு போவது என்றால் பயிற்சியைப் பற்றி யோசிக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும், கடைசியாகச் சொன்னதற்கு அன்றைக்கே. பல வருஷச் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பை நிறைவதே தெரியாமல் வழியும், அது வேறு. எந்த வகை என்று பார்த்துத்தான் எதையும் தொடங்க வேண்டும்.

எனக்கு முழுசாக நின்றுவிட்டதா என்றால், இல்லை. சளி பிடித்து நாலு நாள் தொடர்ந்து இருமினால் இன்னும் கொஞ்சம் வரும். பயிற்சியை இரண்டு வாரம் விட்டால் தெரிந்துவிடுகிறது. ஆனால் தண்ணீர் குடிக்கிறேன். காப்பி இரண்டு டம்ளராகிவிட்டது. போன தை மாதம் பிள்ளையார்பட்டிக்கு நடந்தேன். வழியில் இரண்டு தடவை நின்று, எங்களோடு வந்தவர்களிடம் இன்ன காரணம் என்று சொல்லியே ஒதுங்கிப் போனேன். மூன்று பேர் கூடவே வந்தார்கள்.

பிள்ளையார் நோன்பன்று பள்ளத்தூரில் எல்லாரும் கூடினோம். கார்த்திகைத் தீபம் கழிந்து 21ஆம் நாள், 21 நூல் இழையில் திரித்த திரியை மாவில் பிடித்த பிள்ளையாரில் வைத்து, நெய் விட்டு ஏற்றி, அந்தச் சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். சில வருஷமாக அப்பத்தா இழையை வாங்கிக்கொண்டதும் எழுந்து அறைக்குப் போய்விடுவார்கள், கால் கடுக்குது என்று. இந்த வருஷம் வளவில் தூண் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. பெரியப்பா எடுத்துக் கொடுக்கக் கொடுக்க ஒவ்வொரு பேரப்பிள்ளையாக வாங்குவதைப் பார்த்துக்கொண்டு, சுடரைக் கண்டு பயந்த கடைக்குட்டியைக் கிட்டே கூப்பிட்டு, வாயை எப்படித் திறக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்துக்கொண்டு இருந்தார்கள். நடுவில் ஒருமுறை துணைக்கு இருக்கும் பெண் வந்து நின்றாள், அப்பத்தா எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு பத்தி வழியாகப் போய்த் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து அணைந்தன.

மணி எட்டே முக்கால் இருக்கும். என்னைத் தேடிக் கையாட்டினார்கள். கிட்டே போனேன்.

"தொண்டை வறண்டு கெடக்கு. ஒரு சொம்புத் தண்ணி கொண்டாத்தா" என்றார்கள். கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணாந்து, நிறுத்தாமல், முழுச் சொம்பையும் குடித்தார்கள்.